நன்றி யாருக்கு?

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் 'தேங்க்ஸ்கிவிங்'. ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் பிள்ளைகள் வீடு திரும்ப, வான்கோழி விருந்து களைகட்டும்.

'தேங்க்', 'கிவ்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. பழைய ஆங்கிலத்தில் முதல் சொல்லுக்கு 'நினைப்பு' என்றும் பொருள் உண்டு. 'திங்க்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் கடவுளுக்குச் செலுத்தும் நன்றியைக் குறிக்க இந்தக் கூட்டுச்சொல்லைக் கையாண்டார்கள். ஆங்கிலேயச் சமயச் சீர்திருத்தவாதிகளான பியூரிட்டன்களுக்கும் தேங்க்ஸ்கிவிங் என்பது ஜெபத்தில் கழியும் நாள். விருந்து நாள் அல்ல.

1621இல் அமெரிக்காவின் பிளைமவுத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் நடத்திய மூன்று நாள் விருந்தைத்தான் 'முதல் தேங்க்ஸ்கிவிங்' என்று பலரும் சொல்கிறார்கள். அதில் கலந்துகொண்ட எட்வர்டு வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேருடன் வந்தார், ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார் என்று அதில் இருக்கிறது.

அந்த விருந்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி. 1614இல் ஆங்கிலேயக் கப்பல்காரன் ஒருவன் அவரைக் கடத்திப்போய் ஸ்பெயினில் அடிமையாக விற்கப் பார்த்தான். எப்படியோ தப்பி இங்கிலாந்து சேர்ந்து, 1619இல் சொந்த ஊரான பட்டுக்செட்டுக்குத் திரும்பினார். ஊர் இருந்தது, ஆள் இல்லை. கொள்ளைநோய் எல்லோரையும் வாரிக்கொண்டு போயிருந்தது. பின்னாளில் பிளைமவுத் ஆன அந்த வெற்று நிலத்தில்தான் மறு ஆண்டு மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் பாதிப்பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மீனை எருவாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம். தன்னைக் கடத்தியவர்களின் இனத்துக்கே சோறு விளைவிக்கச் சொல்லிக்கொடுத்த அந்த மனசை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

கைம்மாறு எப்படி வந்தது? குடியேறியவர்களுக்கும் பூர்வகுடியினருக்கும் மூண்ட போரில் மாசசோயிட்டின் மகன் மெட்டாகோமை 1676இல் கொன்று, தலையைப் பிளைமவுத்தில் கழியில் செருகி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு, அந்தப் போரில் கிடைத்த வெற்றிக்காக மாசசூசெட்ஸ் குடியேற்றம் தேங்க்ஸ்கிவிங் நாளும் அறிவித்தது.

உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1863இல் அதிபர் லிங்கன் தேங்க்ஸ்கிவிங்கை நாடு தழுவிய நாளாக அறிவித்தார். பெண்கள் பத்திரிகை ஆசிரியை சாரா ஹேல் பல்லாண்டுகள் விடாமல் எழுதிவந்த கோரிக்கை அது. 1941இல்தான் நான்காவது வியாழன் சட்டமானது. 1970 முதல் பூர்வகுடியினர் அதே வியாழனன்று பிளைமவுத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களே, அன்றைக்கு விருந்துக்கு உட்காரும்போது டிஸ்குவாண்டத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.