வேகமா, பிடிப்பா? நமது சைக்கிளுக்கு ஏற்ற ரயரை நாமே தெரிவு செய்வோம்

கிராமப்புறங்களில் வாழும் பெண்களுக்குச் சைக்கிள்தான் பெருந்துணை. பாடசாலை, வேலைத்தலம், சந்தை, கிளினிக் என எல்லாவற்றுக்கும் அதிலேயே போய் வருகிறோம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தவர்களும் சைக்கிளையே நாடினார்கள். இளம் பெண்கள் பலர் இன்று விரும்பி ஓடுவது, தடித்த ரயர் பூட்டிய ‘மவுண்டன்’ சைக்கிளாகும்.

நிறத்தையும் கூடையையும் பார்த்துச் சைக்கிள் வாங்கும் நாம், ரயரைப் பற்றி யோசிப்பது குறைவு. தேய்ந்துவிட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவதையோ, வீட்டிலுள்ள ஆண்கள் வாங்கி வருவதையோ பூட்டிக்கொள்கிறோம். ஆனால் சைக்கிளில் நிலத்தைத் தொடுவது, உள்ளங்கை அளவுகூட இல்லாத இரண்டு ரப்பர்ப் பகுதிகள் மட்டுமே. பின்னால் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தாய் வளைவில் சறுக்காமல் வீடு சேர்வது அவற்றில்தான் தங்கியுள்ளது. நாட்கூலிக்குச் செல்லும் பெண் விழுந்து கை முறிந்தால், அவளுடைய வீட்டில் அடுப்பெரிவதே கேள்விக்குறியாகிவிடும்.

கட்டைகள் எதற்காக?

மவுண்டன் சைக்கிள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவானது. 1970களில் மரின் பகுதி இளைஞர்கள், தடித்த ரயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் திருத்தி மலைப் பாதைகளில் ஓடத் தொடங்கினர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் பெண்களுக்கான தங்கப் பதக்கத்தை வென்றவர் இத்தாலியின் பவோலா பெட்சோ.

மலைப் பாதையின் இளகிய மண்ணில் பதிந்து பிடிப்பதற்காகவே இந்த ரயர்களில் ரப்பர்க் கட்டைகள் அமைந்துள்ளன. தார் வீதியில் அவற்றால் பதிய முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் அவை வளைந்து நெளிகின்றன. நாம் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே வீணாகிறது. வீதியில் ‘உர்’ என்று கேட்கும் சத்தமும் அதனால் வருவதுதான்.

மழைக்கும் கட்டை ரயரே நல்லது எனப் பலர் எண்ணுகிறார்கள். இது காருக்குப் பொருந்தும் கதை. சைக்கிள் ரயர் ஒடுங்கியது, வேகமும் குறைவு. ஆகவே அது தண்ணீரில் மிதந்து வழுக்குவதில்லை. நனைந்த தார் வீதியில் மட்டமான ரயரே நன்றாகப் பிடிக்கும்.

நமது பாதை எது?

2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கின் பிரதான வீதிகள் பல காபெட் வீதிகளாகிவிட்டன. உள்வீதிகளில் பல இன்னமும் கிறவலாகவும் மணலாகவும் உள்ளன. நான் பணி நிமித்தம் சந்தித்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர், நாளாந்தம் ஆறு கிலோமீற்றர் காபெட் வீதியிலும் ஒரு கிலோமீற்றர் கிறவலிலும் செல்பவர். கடையில் ‘பலமானது’ என்று சொல்லி, பெரிய கட்டை ரயர்களை இரு பக்கமும் பூட்டிவிட்டார்கள். பள்ளிக்குப் போய்ச் சேரும்போதே அவருக்குக் கால்கள் சோர்ந்துவிடும். ஒரு கிலோமீற்றருக்காக ஆறு கிலோமீற்றரும் சுமை இழுப்பதாக இருந்தது அவருடைய நிலை.

ஆகவே முதலில் நாம் செல்லும் பாதையைக் கணக்கிட வேண்டும். பெரும்பகுதி தார் வீதியானால், நடுவில் மட்டமாகவோ தொடர்ச்சியான வரம்பாகவோ இருந்து, ஓரங்களில் மட்டும் சிறு கட்டைகள் உள்ள ரயர் போதும். கிறவலானால் நெருக்கமான சிறிய கட்டைகள் ஏற்றவை. சேற்றுப் பாதைக்கே உயரமான, இடைவெளி கூடிய கட்டைகள் தேவை. மணலில் கட்டையை விட ரயரின் அகலமே கைகொடுக்கும்.

முன்னுக்குப் பிடிப்பு, பின்னுக்கு வேகம்

இரண்டு ரயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. பின் சில்லு சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சில்லு சறுக்கினால் விழுவது நிச்சயம் என்றே சொல்லலாம். எனவே பிடிப்புக் கூடிய ரயரை முன்னுக்கும், இலகுவாக உருள்வதைப் பின்னுக்கும் பூட்டுவது நல்லது. மலைப் போட்டிகளில் ஓடுவோர் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கூடிய பாரத்தைத் தாங்குவதால் பின் ரயர்தான் விரைவில் தேயும். ஒரு ரயர் வாங்கவே பணம் உள்ளதென்றால், முன்னாலுள்ளது நல்ல நிலையில் இருக்குமாயின் அதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னுக்குப் போடுங்கள். ரயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்ட வேண்டும்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

‘26 அங்குல ரயர்’ என்று மட்டும் கேட்டால் ஏமாற இடமுண்டு. மவுண்டன் சைக்கிளின் 26 x 1.95 ரயர், லேடீஸ் சைக்கிளின் 26 x 1 3/8 றிம்முக்குப் பொருந்தாது. ரயரின் பக்கத்தில் மில்லிமீற்றரில் உள்ள எண்ணைப் பாருங்கள். முன்னையதில் 559 எனவும், பின்னையதில் 590 எனவும் இருக்கும். பழைய ரயரிலுள்ள எண்ணைத் துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

செலவில்லாத வழி

புதிய ரயர் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஒரு வழியுண்டு. அதுதான் காற்று. ரயரின் பக்கத்தில் ‘40–65 பி.எஸ்.ஐ.’ என்பது போல ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். தார் வீதிக்கு மேல் எல்லையை அண்டியும், மணலுக்கும் கிறவலுக்கும் கீழ் எல்லையை அண்டியும் காற்று அடிக்கலாம். காற்றுக் குறையும்போது ரயர் பரந்து நிலத்தைப் பிடிக்கும். ஆனால் எல்லைக்குக் கீழே விட்டால், கல்லில் ஏறும்போது ரியூப் றிம்முக்கிடையில் நசிந்து, பாம்பு கொத்தியது போல இரண்டு துளைகள் விழும். கரியரில் பிள்ளையோ மூட்டையோ இருந்தால் பின் ரயருக்குச் சற்றுக் கூடுதலாக அடியுங்கள். வாரம் ஒரு தடவை காற்றைச் சரிபார்க்கும்போதே, ரயரின் பக்கங்களில் வெடிப்பு உண்டா எனவும் கவனியுங்கள்.

இவற்றை அறிவதற்குத் தொழில்நுட்பக் கல்வி எதுவும் தேவையில்லை. நமது மாதர் சங்கக் கூட்டமொன்றில் அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லோருடைய சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாலே போதும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எந்த ரயர் வேண்டும், ஏன் வேண்டும் என்று நாமே சொல்லக்கூடியவர்களாக இருப்போம்.