காலை பஸ்ஸில் நாற்றம், மாலை பஸ்ஸில் காற்று

ஆம்பூர்ல இருந்து வேலூர் வர்ற எங்க காலேஜ் பஸ் ரூட்ல ஒரு இடம் இருக்கு. காலை ஆறரைக்கு அந்த இடம் நெருங்கினதும், யாரும் சொல்லாமலே எல்லா ஜன்னலும் மூடிடும். டேனரி நாற்றம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனா சாயங்காலம் நாலரைக்கு அதே இடத்தைத் தாண்டும்போது எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், பாதிப் பேர் தூங்கிட்டு வருவாங்க.

ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, ஃபேக்டரி காலையில மட்டும்தான் ஓடுமா?" நானும் யோசிக்காம "ஆமாடா"ன்னு சொல்லிட்டேன். தப்பு. வேலை பகல் முழுக்க நடக்குது. மாறுறது காற்றுதான்.

காற்று ஏன் வீசுது?

"சூடான காற்று மேலே போகும், அந்த இடத்துக்கு குளிர்ந்த காற்று வரும்." ஸ்கூல்ல படிச்சது இவ்வளவுதான். நடுவுல ஒரு ஸ்டெப் விட்டுப்போச்சு: காற்றுக்கு எடை உண்டு. 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.20 கிலோ, 40 டிகிரியில சுமார் 1.13 கிலோ. தரை சூடானா மேல இருக்கிற காற்று விரியும். உயரத்துல அது பக்கவாட்டுல வழிஞ்சு போயிடும். அப்போ அந்தத் தரைக்கு மேல நிக்கிற மொத்தக் காற்றோட எடை குறையும், அதாவது அழுத்தம் குறையும். பக்கத்துல அழுத்தம் அதிகமா இருக்கிற இடத்துக் காற்று இங்கே தள்ளப்படும். காற்று வீசுறதுன்னா இதுதான்.

கவனிங்க, காற்றை நகர்த்துறது வெறும் சூடு இல்ல, சூட்டுல இருக்கிற வித்தியாசம். சென்னையில மத்தியானம் தரை சீக்கிரம் சூடாகுது, கடல் மெதுவாதான் சூடாகுது. அதனால கடல்ல இருந்து ஊருக்குள்ள காற்று வருது. ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துடும், காற்று திசை மாறும்.

இதையே பெரிய சைஸ்ல பாருங்க. கோடையில ஆசிய நிலப்பரப்பு முழுக்க சூடாகுது, இந்தியப் பெருங்கடல்ல இருந்து காற்று கிளம்புது. பூமி சுழல்றதால, பூமத்திய ரேகையைத் தாண்டினதும் அது வலப்பக்கம் திரும்பி தென்மேற்குப் பருவக்காற்றா ஆகுது. மேற்குத் தொடர்ச்சி மலையில மழையைக் கொட்டிட்டு, பெரும்பாலும் காய்ஞ்சுபோய் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குது. ஆடியில அம்மி பறக்கும்னு பாட்டி சொல்ற காற்று இதுதான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுத்த வைக்கிறதும் இதுதான்.

சரி, நம்ம பஸ்ஸுக்கு வருவோம்

ஆம்பூர் பாலாற்றுப் பள்ளத்தாக்குல இருக்கு. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. மேகம் இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுடும், தரையை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனமாகும். மலைச்சரிவுல குளிர்ந்த காற்றும் தண்ணி மாதிரி மெதுவா வழிஞ்சு பள்ளத்துல சேரும். வழக்கமா மேலே போகப் போக குளிரும் இல்லையா? இங்கே தலைகீழ்: கீழே குளிர், மேலே சூடு. கனமான காற்று கீழேயே இருக்கிறதால அதுக்கு மேலே போக எந்தக் காரணமும் இல்ல. பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரிதான். மார்கழிக் காலையில குப்பை எரிக்கிற புகை மேலே போகாம தெருவுலயே படுத்திருக்கும், பாத்திருப்பீங்க. டேனரி நாற்றமும் அப்படித்தான். வெயில் ஏறி தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும், காற்று மேலும் கீழும் கலந்து நாற்றம் நீர்த்துப்போகும். காணாமப் போகலை, பரவிடுச்சு, அவ்வளவுதான்.

காற்றே இல்லாத இடம்

இது நாற்றத்தோட முடியலை. தோல்ல முடி நீக்க சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு சேர்ப்பாங்க. அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோட கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகின முட்டை நாற்றம். துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். ஆனா சுமார் 100 பிபிஎம் ஆனதும் கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துடும், நாற்றமே தெரியாது.

மூடின கழிவுநீர்த் தொட்டிக்குள்ள வெயில் படாது, காற்று வீசாது. சேர்ந்த வாயு அங்கேயே நிக்கும். "நாற்றம் ஒண்ணும் இல்லையே, இறங்கலாம்"னு இறங்கினவங்களும், அவங்களைக் காப்பாத்த இறங்கினவங்களும் செத்துப்போன செய்தி எத்தனை தடவை படிச்சிருக்கோம். நாளைக்கு நம்மில் சிலர் இந்த ஃபேக்டரிகள்லயே சூப்பர்வைசரா சேருவோம். மூக்கை நம்பாதீங்க. மனுஷங்களைத் தொட்டிக்குள்ள இறக்காதீங்க, மெஷின் வச்சு சுத்தம் பண்ணுங்க. வாயு அளக்கிற மீட்டரும் ப்ளோயரும் பக்கத்துல இருக்கட்டும்.

போன வாரம் தம்பிகிட்ட சரியான பதிலைச் சொன்னேன். கேட்டுட்டு, "நம்ம அஞ்சு நிமிஷம் ஜன்னலை மூடினா தாண்டிடுறோம். அந்தத் தெருவுல இருக்கிறவங்க வெயில் ஏறுற வரைக்கும் என்னண்ணா பண்ணுவாங்க?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.