கழுத்தில் கட்டும் நெறியும் ஸ்கேன் பரிசோதனையும்

தலையிற் சிரங்கோ, தொண்டையில் அழற்சியோ, சொத்தைப் பல்லோ உண்டான குழந்தையின் கழுத்தில் சில தினங்களுக்குள் நெறி கட்டுவது, அதாவது நிணநீர்க் கணு வீங்குவது, பெரும்பாலும் சரீரம் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வதற்கு அடையாளமேயாகும். ஆயினும் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலாயினும், கண்டி நகரத்து வீடுகளிலாயினும், குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் விரலில் அது தட்டுப்பட்டவுடனே, சிலர் புற்றுநோயென்று பீதியுறுவதும், சிலர் பற்றுப் போட்டால் கரைந்துவிடுமென்று மாதக்கணக்கில் இருந்துவிடுவதும் வழக்கமாயிருத்தலால், மீயொலி ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையில் கேட்கும். கழுத்தைப் பரிசோதிக்கும் கருவியோ 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுடைய ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியைச் சித்திரமாக்குகிறது. எக்ஸ்ரேயிலுள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. ஊசியோ, பட்டினியோ, மயக்கமருந்தோ வேண்டுவதில்லை. சாமானியமான நெறி அவரை விதைபோல் நீள்வட்டமாய் இருக்க, அதன் மையம் வெளுப்பாகத் தெரியும். இரத்தமும் அம்மையத்தின் வழியாகவே கிளைத்தோடும். கணு உருண்டு திரண்டு, மையம் மறைந்து, ஓரங்களில் இரத்தவோட்டம் ஒழுங்கற்றிருப்பின் சந்தேகத்துக்கு இடமுண்டு. பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே சிதைந்திருப்பின், பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றழைத்த சயரோக நெறியை எண்ணவேண்டும். சீழ் கட்டியிருக்கிறதா, அல்லது அது நெறியேயன்றிப் பிறவி நீர்க்கட்டியா என்பதும் இதனால் விளங்கும்.

இத்தனையும் தெரிந்தும், இறுதி நிர்ணயம் ஸ்கேனுக்கு உரியதன்று. சில வேளை புற்றுக்கணு சாதுவாகவும், சாதுவான கணு பயங்கரமாகவும் தோன்றுமாதலால், சந்தேகம் நீங்காதவிடத்து ஊசியால் உறிஞ்சியோ, கணுவை அகற்றியோ நுணுக்குக்காட்டியிற் பார்த்தே முடிவு செய்வர். மறுபுறம், 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத நெறியுடன் ஓடியாடி விளையாடும் பிள்ளையை முதல் வாரத்திலேயே தனியார் நிலையத்துக்குக் கொண்டோடி, "பல கணுக்கள் காணப்படுகின்றன" என்ற அறிக்கையோடு உறக்கமிழப்பது வீண் செலவென்பதே என் அபிப்பிராயம். அநேகமாக எல்லாச் சிறுவர் கழுத்திலும் கணுக்கள் காணப்படவே செய்யும்.

தாமதிக்கக் கூடாத சந்தர்ப்பங்கள் வேறு: நெறி 2 சென்ரிமீற்றரைக் கடந்தாலும், கல்லைப்போற் கடினமாய் அசையாதிருந்தாலும், காறையெலும்புக்கு மேலே தோன்றினாலும், நான்கு வாரமாகியும் குறையாவிட்டாலும், நீடித்த காய்ச்சல், இராவியர்வை, மெலிவு ஆகியவை சேர்ந்தாலும் வைத்தியரிடம் செல்லவேண்டும்; சுவாசிக்கவோ விழுங்கவோ சிரமமிருப்பின் அன்றே செல்லவேண்டும். காரணம் தெரியுமுன் ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பது இரத்தப்புற்றையும் நிணநீர்ப்புற்றையும் மறைத்துவிடக்கூடும். சயரோக நெறியைக் கீறிவிட்டாலோ, ஆறாத புண்ணாய் நெடுநாள் ஒழுகும்.

பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போகலாம். தோட்ட வைத்திய உதவியாளரின் கடிதம் இருந்தால் நல்லதேயன்றி, இல்லாவிட்டால் வழியில்லையென்பதில்லை. சயரோகமென்று உறுதிப்பட்டால், வழக்கமாக ஆறு மாதம் உண்ணவேண்டிய மருந்தும் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமே.

சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள கண்டியிலும், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. ஆகவே, புரியாத சொல்லுக்குத் தலையசைத்துவிட்டு வெளியேறாமல், தமிழில் விளக்குவோரைக் கேளுங்கள். அது மறுக்கப்பட்டால் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும், பின்னர் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் முறையிடலாம். தனியார் நிலையத்தைப் பற்றிய குறையானால், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தனியார் சுகாதார ஒழுங்குபடுத்தும் பேரவைக்குத் தெரிவிக்கலாம்.

ஸ்கேன் அறிக்கையையும் படத்தையும் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். நெறியின் அளவு குறைந்ததா, வளர்ந்ததா என்பதை அடுத்த வைத்தியர் ஒப்பிட்டறிய அதுவே ஆதாரம்.