தேநீர்த் தோட்டம்

தேநீர்த் தோட்டம் என்பது 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரின் ஓரப் பகுதிகளில் இருந்த பொது உலாவிடம் ஆகும். குடும்பத்தினரும் நண்பர்களும் பிற்பகலில் நகரிலிருந்து நடந்தே இங்கு வருவார்கள். மலர்ப் பாத்திகளையும் நீரூற்றுகளையும் மீன் குளங்களையும் சுற்றிப் பார்ப்பார்கள். பின்னர் செடிகளால் வேயப்பட்ட சிறு பந்தலின் கீழ் அமர்ந்து தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் உண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். இத்தோட்டங்களில் தேயிலைச் செடி வளர்க்கப்படவில்லை.

இதைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'டீ கார்டன்' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களைக் குறிக்கிறது. ஒன்று தேநீர் அருந்தும் பூங்கா. மற்றொன்று அசாம், இலங்கை, நீலகிரி போன்ற இடங்களில் உள்ள தேயிலைத் தோட்டம். ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கும் மாணவர்கள், இலண்டன் பூங்காவில் தேநீர் பருகும் பாத்திரத்தைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிறுத்திவிடுவதுண்டு. தமிழில் 'தேநீர்த் தோட்டம்', 'தேயிலைத் தோட்டம்' என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால் இக்குழப்பத்தைத் தவிர்க்கலாம். ஆனால் இவ்விரு தோட்டங்களுக்கும் இடையே உறவே இல்லை என்று நினைப்பதும் தவறு.

காப்பிக் கடையும் தோட்டமும்

இலண்டனில் முதல் காப்பிக் கடை 1652இல் தொடங்கப்பட்டது. தேநீர் அங்கு விற்கப்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அலுவலர் தாம் முதன்முதலாகத் தேநீர் பருகியதை 1660 செப்டம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அடுத்த 2 ஆண்டுகளில் போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், மன்னர் இரண்டாம் சார்லசை மணந்து இங்கிலாந்து வந்தார். அவருடைய தேநீர்ப் பழக்கம் அரசவைப் பெண்களிடமும் பரவியது.

காப்பிக் கடைகள் ஆண்களின் உலகமாக இருந்தன. செய்தித்தாள் படிப்பது, வணிகம் பேசுவது, அரசியல் வாதிடுவது எல்லாம் அங்கே நடந்தன. பெண்கள் அங்கு வேலை செய்தார்கள். சில கடைகளை நடத்தியும் வந்தார்கள். ஆனால் மதிப்புள்ள குடும்பத்துப் பெண் வாடிக்கையாளராக உள்ளே சென்று உட்காருவது வழக்கமில்லை. கணவனும் மனைவியும் குழந்தைகளும் வெளியே ஒன்றாகச் சென்று, ஒரே மேசையில் அமர்ந்து எதையாவது பருக வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற இடம் நகரில் அரிது. அந்தக் குறையைத் தீர்த்தவை தோட்டங்களே. தேநீர்த் தோட்டத்தின் வரலாற்றில் மலர்களையும் நீரூற்றுகளையும் விட முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து.

பெரிய தோட்டங்கள்

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த வாக்சால் தோட்டம் இவற்றுள் மூத்தது. 1660களிலேயே மக்கள் அங்கு உலாவச் சென்றனர். 1729இல் ஜோனதன் டையர்ஸ் என்பவர் அதைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்தார். நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். மரங்களில் தொங்கிய ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள் அந்தி வேளையில் ஒரே நேரத்தில் ஏற்றப்படும். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை பெரும்பாலோர் படகில்தான் வந்தார்கள். 1749 ஏப்ரலில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் வாணவேடிக்கை இசைக்கு இங்கு ஒத்திகை நடந்தபோது 12,000 பேருக்கு மேல் திரண்டதாகவும், இலண்டன் பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நின்றதாகவும் கூறப்படுகிறது. அங்கு விற்ற பன்றி இறைச்சித் துண்டுகள் மிக மெல்லியவை என்பது அக்காலத்தின் நிலையான நகைச்சுவை.

1742இல் செல்சியில் ரானிலா தோட்டம் திறக்கப்பட்டது. இதன் நடுவே வட்ட வடிவில் பெரிய மண்டபம் இருந்ததால் மழை பெய்தாலும் உலா நிற்காது. மக்கள் அதற்குள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து, தெரிந்தவர்களைக் கண்டால் வணங்கி, சுவரோரக் கூடங்களில் அமர்ந்து தேநீர் பருகினர். 1764இல் 8 வயதுச் சிறுவனாக இருந்த மோட்சார்ட் இங்கு இசைத்துள்ளார். கட்டணம் 2 ஷில்லிங் 6 பென்னி. தேநீர், காப்பி, ரொட்டி, வெண்ணெய் அனைத்தும் அதில் அடங்கும். சாதாரணக் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் ஊதியத்துக்கும் மேற்பட்ட தொகை அது. ஆகவே அங்கே வந்தவர்கள் யார் என்பதை ஊகிக்கலாம்.

சிறிய தோட்டங்கள்

கடைக்காரர், தையற்காரர், எழுத்தர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்கள் சென்றது சிறிய தோட்டங்களுக்கே. வடக்கே இஸ்லிங்டன், கிளார்க்கன்வெல் பகுதிகளில் இவை நிறைய இருந்தன. பல தோட்டங்கள் மருந்து நீர்க் கிணறுகளைச் சுற்றி உருவானவை. பேக்னிகி வெல்ஸ் என்ற தோட்டம் 1750களின் இறுதியில் இப்படித்தான் பெயர் பெற்றது. காலையில் இரும்புச் சத்துள்ள கிணற்று நீரைக் குடிக்க நோயாளிகள் வருவார்கள். பிற்பகலில் தேநீர் குடிக்க நலமுள்ளவர்கள் வருவார்கள். பின்னவர்களிடமிருந்தே நல்ல வருமானம் கிடைத்தது.

இஸ்லிங்டனில் ஒயிட் காண்டுயிட் ஹவுஸ் என்ற தோட்டம் அதன் ரொட்டிக்குப் புகழ் பெற்றது. அதன் அருகில் இருந்த திடலில் பந்தாடிய கனவான்களின் குழுவிலிருந்துதான் 1787இல் எம்.சி.சி. என்ற கிரிக்கெட் கழகம் பிறந்தது. கிரிக்கெட் ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஞாயிற்றுக்கிழமை இத்தோட்டங்கள் நிரம்பி வழியும். வாரத்தில் ஒரே ஓய்வு நாள் அது. நகரின் புகையிலிருந்து விலகி வயல்வெளி வழியாக ஒரு மணி நேரம் நடப்பதே பாதி இன்பம். வயதான பெற்றோர், கைக்குழந்தை, மணம் பேசப்பட்ட இளம் இணையர் என எல்லோரும் ஒரே கூட்டமாக வரலாம். பெரியவர்களின் பார்வையில் இருந்தபடியே இளைஞர்கள் சற்றுத் தள்ளி நடந்து பேசிக்கொள்ளவும் வழி இருந்தது.

ஏழை தேநீர் குடிக்கலாமா?

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஜோனஸ் ஹான்வே என்ற வணிகர் 1756இல் தேநீரைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். தேநீர் உடலைக் கெடுக்கிறது, உழைப்பைக் குறைக்கிறது, ஏழைகள் மேல்தட்டினரைப் பார்த்துப் பழகிப் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குகிறார்கள் என்பது அவர் வாதம். (இலண்டன் தெருக்களில் ஆண்கள் குடை பிடிப்பதை வழக்கமாக்கியவரும் இவரே. அதற்காக அவரையும் பலர் கேலி செய்தார்கள்.) அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன் 1757இல் இதற்கு மறுப்பு எழுதினார். தாம் திருத்த முடியாத தேநீர்ப் பித்தர் என்று ஒப்புக்கொண்டே ஹான்வேயின் வாதங்களைக் கேலி செய்தார்.

உடல்நலம் பற்றியது போலத் தோன்றினாலும், இந்த விவாதத்தின் உள்ளே இருந்த கேள்வி வேறு. உழைப்பவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை உண்டா என்பதே அது. செல்வர் பூங்காவில் உலாவினால் அது ரசனை, தொழிலாளி உலாவினால் அது சோம்பல் என்ற பார்வை அன்று வெளிப்படையாகவே பேசப்பட்டது.

முடிவில் விலையே இவ்வழக்கைத் தீர்த்தது. தேயிலை வரி அதிகமாக இருந்ததால் கள்ளக்கடத்தல் பெருகியிருந்தது. 1784இல் பிரதமர் இளைய பிட், 119 விழுக்காடாக இருந்த வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தார். சட்டப்படி வந்த தேயிலை மலிவாகி, எளியவர் வீட்டுக்கும் சென்றது.

மறைவு

ரானிலா 1803இல் மூடப்பட்டது. வாக்சால் 1859 வரை தாக்குப்பிடித்தது. நகரம் பெருகியதும் நிலத்தின் விலை ஏறியதுமே முக்கியக் காரணங்கள். தோட்டம் இருந்த இடங்களில் வீட்டு வரிசைகள் எழுந்தன. தொடர்வண்டி வந்தபின் கடற்கரைக்கே ஒரு நாளில் சென்று திரும்ப முடிந்தது.

பிற்பகல் தேநீர் இதற்குள் வீட்டுக்குள் புகுந்திருந்தது. விக்டோரியா அரசியின் தோழியாக இருந்த பெட்ஃபோர்டு கோமகள் ஆன்னா, 1840 வாக்கில் இதைத் தொடங்கியதாகச் சொல்வது மரபு. அவருக்கு முன்பும் பிற்பகலில் தேநீர் பருகினார்கள் என்பதால் அவரே கண்டுபிடித்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மேல்தட்டினரின் இரவு உணவு 8 மணிக்குத் தள்ளிப்போன காலம் அது. இடையில் எழுந்த பசிக்கு இது மருந்தாயிற்று. நம் ஊர் விடுதிகளில் 'ஹை டீ' என்ற பெயரில் அடுக்குத் தட்டில் கேக் வைத்து விற்கிறார்கள். உண்மையில் ஹை டீ என்பது ஆலையிலிருந்து திரும்பிய தொழிலாளர் குடும்பம் இறைச்சி, ரொட்டியுடன் உண்ட மாலை உணவு. அடுக்குத் தட்டின் பெயர் 'ஆஃப்டர்நூன் டீ'.

கியூ பூங்காவின் தேநீர்க் கூடம்

பொதுமக்கள் உலாவுவதற்கு அரசுப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. 1759இல் இளவரசி அகஸ்டா தொடங்கிய கியூ தாவரவியல் பூங்கா 1840இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. அதன் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் காலை நேரத்தை ஆய்வுக்கென ஒதுக்கி, மக்களைப் பிற்பகலில் மட்டுமே விட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவரளவில் அது ஆய்வுக்கூடம், மக்களுக்கோ உலாவிடம்.

நகருக்குள் தேநீர்க் கடைகளும் தோன்றின. ஏ.பி.சி. என்ற ரொட்டி நிறுவனம் 1864இலும், லயன்ஸ் நிறுவனம் 1894இலும் இவற்றைத் தொடங்கின. பெண்கள் துணையின்றித் தனியாகச் சென்று அமரக்கூடிய இடங்கள் இவை. வாக்குரிமை கேட்ட பெண்கள் இங்கே கூடிப் பேசினார்கள். தோட்டத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்த பெண், 100 ஆண்டுகளுக்குப் பின் கடையில் தன் தோழிகளோடு உட்கார்ந்து அரசியல் பேசினாள்.

அந்த அரசியல் கியூவுக்கும் வந்தது. 1913 பிப்ரவரி 20ஆம் நாள் அதிகாலையில் கியூ பூங்காவின் தேநீர்க் கூடம் எரிந்து சாம்பலாயிற்று. வாக்குரிமைப் போராளிகளான ஆலிவ் வாரி, லிலியன் லென்டன் ஆகிய இருவரும் கைது செய்யப்பட்டார்கள். சிறையில் இருவரும் உண்ணாநோன்பு இருந்தனர். பெண்களுக்கு இடம் கொடுத்த தேநீர் மேசையையே அவர்கள் ஏன் எரித்தார்கள் என்று வகுப்பில் கேட்டால் நல்ல விவாதம் எழும். உட்கார இடம் கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை என்பது ஒரு பதில். பிரிட்டனில் ஆண்களுக்கு இணையான வாக்குரிமை பெண்களுக்கு 1928இல்தான் வந்தது.

மற்றொரு தோட்டம்

18ஆம் நூற்றாண்டின் இலண்டன் பருகியது சீனத் தேயிலை. 1880களின் இறுதியில் நிலைமை மாறி, இந்தியாவும் இலங்கையும் பிரிட்டனுக்குச் சீனாவை விட அதிகத் தேயிலை அனுப்பின. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. 1890இல் தாமஸ் லிப்டன் அங்கு தோட்டங்களை வாங்கினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம் செய்தார். இடையில் இருந்தவர்களைப் பற்றி அந்த விளம்பரத்தில் சொல் எதுவும் இல்லை.

இடையில் இருந்தவர்கள் தமிழர்கள். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் மூலம் குடும்பம் குடும்பமாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள். கொழுந்து பறித்ததில் பெரும்பகுதி பெண்களின் கை. வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை லயங்களில் வாழ்ந்தார்கள். கணக்குத் தீர்ந்ததற்கான 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத முறை 1921 வரை இருந்தது. பிற்பகல் 4 மணி அளவில் இலண்டனில் கோப்பைகள் மேசைக்கு வந்தன. மலைநாட்டில் அந்த மணிப்பொழுது கூடையைச் சுமந்து வந்து கொழுந்து நிறுக்கக் கொடுக்கும் நேரம். எடை குறைந்தால் கூலியும் குறையும்.

1948இன் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974இல்தான் முடிவாயிற்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கும் தங்கை இங்கும் என்று பிரிய நேர்ந்தது.

திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 'டான்டீ' என்று அறியப்படும் கழகம் அதுவே. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் இவ்வாறு வந்தவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. அதே மாவட்டத்தில் உதகை அரசு தாவரவியல் பூங்கா உள்ளது. 1848இல் அதை வடிவமைக்க வந்த மெக்ஐவர் கியூ பூங்காவில் பயிற்சி பெற்றவர். கோடை விடுமுறையில் உதகை செல்லும் குடும்பங்கள் பூங்காவில் உலாவி, வாசலில் தேநீர் குடித்துவிட்டு, மலைச்சரிவில் இறங்கும்போது வண்டியை நிறுத்தித் தேயிலைச் செடிகளின் நடுவே படம் எடுத்துக்கொள்கின்றன. படத்தின் ஓரத்தில் சில நேரம் கொழுந்து பறிக்கும் பெண்களும் விழுவதுண்டு.