சணப்பு வேறு, கஞ்சா வேறு

"உத்தரகாண்டில் கஞ்சாச் செடியை லைசென்சு வாங்கிப் பயிரிடுகிறார்களாமே, நாமும் போடலாமா ஐயா?" என்று மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். நெல் கையைக் கடிக்கும்போது இப்படி ஆசை எழுவது இயல்பே.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 14-வது பிரிவின்படி, நாருக்கும் விதைக்குமாகப் பயிரிட அரசு அனுமதிக்கலாம். உத்தரகாண்ட் சென்றது இந்த வழியில்தான். அங்கும் செடியில் போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் அத்தகைய அனுமதி இல்லை. 2021-ல் இதன் விதையை உணவாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லி விதை விற்க வருவோரை நம்ப வேண்டாம். தின்ன அனுமதி வேறு, விதைக்க அனுமதி வேறு.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே நிலத்தைத் தரிசாகப் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம் நிலத்தில் எவரோ இச்செடியை வளர்ப்பது தெரிந்தால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் 46-வது பிரிவின்படி நில உடைமையாளரும் தண்டனைக்குள்ளாவார்.

போதை குறைந்த ரகம், சோதனைக்கூடம், வாங்கும் ஆலை மூன்றும் அமைந்தால் நம் மாநிலமும் விதி வகுக்கலாம் என்பது என் கருத்து. அதுவரை பொறுத்திருங்கள்.

பசுந்தாள் உரச் சணப்புக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டையும் 'ஹெம்ப்' என்பதால் வந்த குழப்பம் இது. சணப்பு அவரைக் குடும்பப் பயிர். ஏக்கருக்கு 15 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45-ம் நாள், மடக்கி உழவும்.