நின்ற நேரம்தான் கணக்கு

நெடுந்தூரச் சைக்கிள் – 9

சீட்டின் உயரத்தையும் ஹேண்டில்பாரின் எட்டத்தையும் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பேசியவர்கள் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இருநூறு கிலோமீட்டர் போகணும்னா எவ்வளவு வேகமா மிதிக்கணும் சார்?" இந்த வாரம் அதற்குத்தான் பதில். ஆனால் வேகத்தில் தொடங்கினால் பதில் பிடிபடாது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில் தொடங்க வேண்டும்.

நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதிமுறை இருக்கிறது. பாரிஸ் நகரத்து 'ஓடாக்ஸ் க்ளப் பாரிசியென்' வகுத்தது. அந்த ஓட்டத்துக்குப் பெயர் பிரெவே. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'சூப்பர் ராண்டனர்'. நம் ஊர்ப் பையன்கள் சுருக்கமாக 'எஸ்.ஆர்.' என்பார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்பது ஓரளவு பழகிய எவருக்கும் வரக்கூடிய வேகம். அந்த வேகத்தில் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகும். மீதி மூன்றரை மணி நேரம் உங்களுடையது. சாப்பிடலாம், மரத்தடியில் உட்காரலாம், பஞ்சர் ஒட்டலாம். இருபத்தைந்தில் பறப்பவருக்கு எட்டு மணி நேரம் போதும். ஆனால் அவர் ஒவ்வொரு டீக்கடையிலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால், இருபதில் உருட்டிக்கொண்டே போகிறவர் அவரை மாலைக்குள் பிடித்துவிடுவார். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரெவேயில் நேரத்தைக் கோட்டை விடுபவர்கள் பெரும்பாலும் கால் வலுவில்லாதவர்கள் கிடையாது. எழுந்திருக்க மனம் வராதவர்கள்.

அந்த விதிமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும், அதாவது அட்டையில் முத்திரை வாங்கும் இடத்துக்கும், மூடும் நேரம் இருப்பது போலவே திறக்கும் நேரமும் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் நூறாவது கிலோமீட்டர் கன்ட்ரோல் 8.56-க்குத் திறந்து 12.40-க்கு மூடும். எட்டரைக்கே போய் நின்றாலும் முத்திரை விழாது, காத்திருக்க வேண்டியதுதான். முடிவுப் பட்டியலிலும் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஒன்பது மணி நேரத்தில் வந்தவரும், கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தவரும் அங்கே சரிசமம்.

மெதுவாகப் போகிறவரைக் காப்பாற்றவே எழுதிய விதிகள் இவை என்று நான் நம்புகிறேன். அந்த எண்ணம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன்.

1897-ல் இத்தாலியச் சைக்கிள்காரர்கள் சிலர் சேர்ந்து ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரை ஒரே பகலில், சூரியன் சாய்வதற்குள் கடந்து காட்டினார்கள். அந்த யோசனையை 1904-ல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஆன்ரி தெகிரான்ஜ். முந்தைய ஆண்டுதான் அவர் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியிருந்தார். அவர் கொண்டுவந்த முறையில் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். குழுவின் கேப்டன் வைத்ததுதான் வேகம். அவரை யாரும் முந்தக்கூடாது. இன்றும் பிரான்சில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற நிலையான வேகத்தில் அந்த வகை ஓட்டம் நடக்கிறது. 1921-ல் தெகிரான்ஜுக்கும் பாரிஸ் க்ளப்புக்கும் ஒத்துப்போகவில்லை. க்ளப் தனியாகப் பிரிந்து, கெடுவுக்குள் அவரவர் வேகத்தில் போகலாம் என்று ஆக்கியது. இன்று சென்னையிலும் கோவையிலும் நடக்கிற பிரெவேக்கள் அந்த 1921-ன் வழியில் வந்தவை.

முந்தைய கேப்டன் முறை அதோடு மறைந்துவிடவில்லை. நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டம் ஏறக்குறைய அதேதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடிவதற்கு முன் போய் நின்று பாருங்கள். திருவான்மியூரிலிருந்து சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெற்கே போகும். முட்டுக்காடு பாலம், கோவளம், நல்ல கால் இருந்தால் மாமல்லபுரம், திரும்பி வரும்போது இட்லியும் காபியும். ஒழுங்கான குழுவில் முன்னால் ஒருவர் வழிகாட்டி. பின்னால் ஒருவர் ஸ்வீப், யாரையும் விட்டுவிடாமல் கடைசியாக வருபவர். குழி வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார், அடுத்தவர் காட்டுவார், அந்தச் சைகை கடைசி ஆள் வரை போகும். பின்னால் லாரி வந்தால் "வண்டி! வண்டி!" என்ற குரல் எதிர்த்திசையில், பின்னிருந்து முன்னுக்குப் போகும்.

எங்கள் குழுவில் பெரும்பாலும் ஸ்வீப்பாக வருபவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. எஸ்.ஆர். முடித்தவர். நினைத்தால் முன்வரிசையோடு எளிதாக ஓட்டக்கூடியவர். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பின்தங்கிப்போய், "சாரிக்கா, என்னால உங்களுக்கும் லேட்டு" என்று மூச்சு வாங்கினாள்.

"நீ முன்னாடி போறவங்களப் பாக்காத. ரோட்டப் பாரு. தண்ணி குடிச்சியா?"

"இன்னும் இல்லக்கா. தாகம் எடுக்கல."

"தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டும்மா. கால் மணிக்கு ஒரு மடக்கு. போ, நான் பின்னாலதான் வரேன்."

நூறு கிலோமீட்டர் பாடம் அவ்வளவும் அதில் இருக்கிறது. நம் வெயிலில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது; வியர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர், ஓ.ஆர்.எஸ். மூன்றில் ஏதாவது ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். பசித்த பிறகு ஒரே மூச்சில் பிரியாணி வெட்டினால் அடுத்த இருபது கிலோமீட்டருக்கு உடம்பு ஓடாது. வாழைப்பழம், கடலை மிட்டாய், இரண்டு இட்லி என்று மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

சில குழுக்களில் ஞாயிறு ஓட்டமே பந்தயமாகிவிட்டது எனக்கு வருத்தம். செயலியில் பதிவாகும் சராசரி வேகம் குறைந்துவிடக் கூடாது என்று புதியவர்களை முட்டுக்காட்டிலேயே விட்டுவிட்டுப் பறக்கிறார்கள். விடியாத இருட்டில், கார்கள் சீறிப் பாயும் சாலையில், பஞ்சர் ஒட்டத் தெரியாத ஒரு பிள்ளையைத் தனியாக விடுவது விளையாட்டாகாது. அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிறு வராது என்பது இருக்கட்டும். அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் ஆள் இருக்காது. ஸ்வீப் இல்லாத குழுவில் சேராதீர்கள் என்றே எல்லோருக்கும் சொல்லுவேன்.

பஞ்சர் என்றதும் ஒன்று. நம் நெடுஞ்சாலைகளில் சைக்கிள் டயருக்கு முதல் எதிரி வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி. முடியளவு மெல்லியது. ஓரத்து மண்ணில் கிடந்து டயரில் ஏறிவிடும். ஏறியது தெரியாது, காற்று மெல்ல இறங்கும். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஓரிடத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் பரபரவென்று டியூபை மாற்றிக்கொண்டிருந்தான். எங்களோடு வந்த பெரியவர் பக்கத்தில் குந்தினார்.

"புது டியூப் போட்டாச்சுண்ணே. காத்தடிச்சிட்டுக் கிளம்பலாம்."

"இரு தம்பி. பழைய டியூப்ல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தியா? அத டயரோட வெச்சு அளந்து பாரு. குத்தினது இன்னும் உள்ளதான் இருக்கு."

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி இழை பிரிந்தது. நகத்தால் பிடிக்க வரவில்லை. நகவெட்டியின் வாயில் கவ்வி, உள்பக்கமாகவே இழுத்தார். அரை அங்குலத்துக்கும் குறைவான கம்பி. அதைச் சாலையில் போடாமல் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கம்பியோடு கிளம்பியிருந்தால் பையனின் இரண்டாவது டியூபும் சில கிலோமீட்டரில் போயிருக்கும். மூன்றாவது டியூப் யாரிடமும் இல்லை.

இப்படி ஒருவருக்கொருவர் உதவுவதை விதி தடுக்கவில்லை. அது தடுப்பது பின்னாலேயே வரும் சொந்தக் காரை. கன்ட்ரோல்களுக்கு இடையில் வீட்டார் வண்டியில் வந்து சோறு கொடுப்பதும் சக்கரம் மாற்றித் தருவதும் கூடாது. வழியில் இருக்கும் கடை எதுவும் உங்கள் கடைதான். உடன் ஓட்டுபவர் எவரும் உங்கள் துணைதான். ஆளில்லாத கன்ட்ரோல்கள் சிலவற்றில் முத்திரைக்குப் பதில் அந்த ஊர் ஏடிஎம் சீட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். ஊர், தேதி, நேரம் மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். வேறு சாட்சி எதற்கு? நள்ளிரவில் ஹெல்மெட்டும் பளபளக்கும் மேலங்கியுமாக ஏடிஎம்மிலிருந்து வெளியே வரும் நாலைந்து பேரைப் பார்த்து வாட்ச்மேன்கள் திடுக்கிடுவது உண்டு. விவரம் சொன்னால் அவர்களே தண்ணீர் பிடித்துத் தருவார்கள்.

காற்றுக்கு வருகிறேன். சென்னையில் தூரம் ஓட்டத் தோதான மாதங்கள் மார்கழியும் தையும். வெயில் தாழ்ந்திருக்கும், ஆனால் வாடை வீசும். தெற்கே கடப்பாக்கம் வரை நூறு கிலோமீட்டரும் காற்று முதுகைத் தள்ளும். "இன்னைக்கு நல்ல ஃபார்ம்ல இருக்கேன்" என்று தோன்றும். திரும்பியதும் தெரியும். காற்றைக் கிழிக்கும் வேகம் இரு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். எதிர்க்காற்றில் தனியாளாக முட்டுவது வீண். நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போனால் பின்னால் இருப்பவர்களுக்கு உழைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். முன்னால் இருப்பவர் சில நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு, விலகி, வரிசையின் கடைசிக்கு வர வேண்டும். களைத்தவரிடம் "நீங்க முன்னாடி வராதீங்க, பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லும் குழு அமைந்தால் அவரும் கெடுவுக்குள் வந்துவிடுவார். இப்படி ஒட்டி ஓட்டுவதற்கு முன்னால் போகிறவரின் சக்கரத்தின் மேல் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

நின்ற நேரத்தின் கணக்கு எவ்வளவு பழையது என்பதற்கு 1891-ஐப் பார்க்கலாம். 'லெ பெதி ஜூர்னால்' பத்திரிகையின் பியேர் ஜிஃபார் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை அறிவித்தார். காற்றடைத்த டயர் அப்போதுதான் வந்த புதுசு. மிஷலின் டயரோடு ஓட்டிய ஷார்ல் தெரோனுக்குப் பஞ்சராகிப் பஞ்சராகி நேரம் போக, டன்லப் டயரோடு ஓட்டிய ஜியேல் லவால் முந்திக்கொண்டார். திரும்பும் வழியில் கேங்கா என்ற ஊரில் லவால் தூங்கப் படுத்தார். தெரோன் படுக்கவில்லை. அந்த இரவில் லவாலைக் கடந்தவர் 71 மணி 22 நிமிடத்தில் பாரிஸ் சேர்ந்து ஜெயித்தார்.

தூங்காமல் ஓட்டுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தெரோன் காலத்துச் சாலையில் மோட்டார் வண்டிகள் இல்லை என்றே சொல்லலாம். நம் சாலையில் இருக்கின்றன. 400-லும் 600-லும் இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் ஆபத்து. கண் திறந்திருக்கும், மனம் தூங்கிவிடும். சாலையோரப் புதர் உட்கார்ந்திருக்கும் ஆளாகத் தெரியும். அப்படித் தெரிந்த உடனே நிறுத்துங்கள். பேருந்து நிழற்குடை, பெட்ரோல் பங்க் என்று வெளிச்சமான இடமாகப் பார்த்து அலாரம் வைத்து இருபது நிமிடம் படுங்கள். 600-க்கு 40 மணி நேரம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பது 30 மணி. அந்தப் பத்து மணி நேரத்தில் மூன்று மணித் தூக்கத்துக்கு இடம் இருக்கிறது. பகலில் டீக்கடைகளில் அதைக் கரைத்துவிட்டு, இரவில் தூக்கத்தை வெட்டுகிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. கெடு தவறினால் அட்டையைக் கொடுத்துவிட்டு வீடு வரலாம். அடுத்த மாதம் இன்னொரு பிரெவே இருக்கும்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் தொழில்முறைப் பந்தயம் 1951-ஓடு நின்றது. நம்மைப் போன்றவர்களுக்கான ஓட்டம் மட்டும் இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கிறது. அதிகபட்சக் கெடு 90 மணி நேரம். பிரித்தானி கிராமங்களில் வீட்டு வாசலில் மேசை போட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து காபியும் தோசை போன்ற கிரேப்பும் தருவார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஊருக்குப் போனதும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று கேட்கும் வீடுகள் உண்டு. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போய்வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. அடுத்தது 2027-ல். போக நினைப்பவர் அந்தப் பருவத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே கேள்வி கேட்டவர்களுக்கு: மணிக்கு இருபது போதும். வரும் ஞாயிறு ஸ்வீப் உள்ள குழுவாகப் பார்த்துச் சேருங்கள். டயர் கழற்றும் நெம்பி, இரண்டு டியூப், கைப்பம்பு, பின் விளக்கு இல்லாமல் கிளம்ப வேண்டாம். மாமல்லபுரம் போய்த் திரும்பியதும் கடிகாரத்தில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மிதித்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு. இரவு ஓட்டத்துக்கான விளக்குகளையும் பேட்டரிக் கணக்கையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)