பதிவேடும் வினாவும்

நிகழ்ந்தவற்றைப் பதிந்து வைத்தல் ஒரு தொழில். பதிந்தவற்றை வினவி உண்மை காண்டல் பிறிதொரு தொழில். இவ்விரண்டிற்கும் இடையே விழும் இடைவெளி எத்துணைக் கேடு விளைக்கவல்லது என்பதை மென்பொருட்டுறை வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

மென்பொருள் எழுதியவுடன் பயனுக்கு வருவதன்று. செய்நிரலாளர் பலர் தனித்தனியே செய்யும் மாற்றங்கள் முதலில் ஒன்றுசேர்க்கப்பட்டு, இயங்கத்தக்க வடிவமாகக் கட்டப்படும், பின்னர்ச் சோதிக்கப்படும், ஈற்றில், பயனாளர்க்குப் பணிபுரியும் சேவையகக் கணினிகளில் நிறுவப்படும். இப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நிகழுமாறு அமைத்த ஒழுங்கினைப் 'பைப்லைன்' என வழங்குவர். ஒவ்வொரு படியும் தான் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையாண்ட பதிப்பு, பெற்ற வெற்றி தோல்வி ஆகியவற்றைக் குறித்து வைத்தே செல்லும்.

இக்குறிப்புகளை வினவுதற்கு வாய்ப்பான கருவி எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியாகும். 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளரான எட்கர் கொட் என்பார், தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைத்து, அவற்றைத் தம்முள் தொடர்புபடுத்தும் கொள்கையை வெளியிட்டார். அதனை அடியொற்றி, அந்நிறுவனத்தைச் சார்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் என்னும் இருவரும் 1974இல் இம்மொழியின் முதல் வடிவத்தைத் தந்தனர். 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் சர்வதேச அளவிலும் இது நியமமாக ஏற்கப்பட்டது. வேண்டுவது யாது என்று சொன்னாற் போதும். அதனைத் தேடும் வழியைக் கணினியே வகுத்துக்கொள்ளும். இதுவே இம்மொழியின் தனிச்சிறப்பு. தோல்வியுற்ற கட்டுமானங்கள் எவை, மாற்றமொன்று நிறுவப்படுதற்கு எத்தனை மணிநேரம் சென்றது என்பன போன்ற வினாக்களுக்குச் சில வரிகளில் விடை காணலாம்.

ஆயினும் பதிவேடு நிகழ்ந்ததை மட்டுமே சொல்லும், நிகழாததைச் சொல்லாது. இவ்வுண்மையைத் தெளிவிக்கும் நிகழ்ச்சியொன்று 2012 ஓகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவில் நேர்ந்தது. நைற் கப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் எட்டுச் சேவையகங்களிற் புதிய செய்நிரலை நிறுவக் கருதியது. ஏழில் நிறுவப்பட்டது, எட்டாவது விடுபட்டது. அதிலே பல்லாண்டுகள் பயன்படாது கிடந்த பழைய பகுதியொன்று, சந்தை திறந்ததும் இயங்கத் தொடங்கிற்று. சுமார் 45 நிமிடங்களில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடந்தேறின. நட்டம் 460 மில்லியன் டொலரைக் கடந்தது. சந்தை திறக்குமுன்னரே பிழையொன்றைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்க்குத் தாமாகவே சென்றிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகக் கொள்வார் இலர். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் பிறிதொன்றுடன் இணைந்து தன் தனிநிலையை இழந்தது.

இத்தகைய குறையை வினவல் மொழியாற் காணுமாறு யாங்ஙனம்? சேவையகங்களின் பெயர்ப்பட்டியல் ஓர் அட்டவணையாகவும், நிறுவற் குறிப்புகள் மற்றோர் அட்டவணையாகவும் இருக்கின்றன எனக் கொள்வோம். 'ஜொயின்' என்னும் சாதாரண இணைப்பினால் இரண்டையும் பொருத்தின், இரண்டிலும் உள்ளவையே விடையில் வரும். ஏழு நிரைகள் தோன்றும். ஏழும் வெற்றி என்றே காட்டும். எட்டாவது கண்ணிற் படாது. 'லெஃப்ட் ஜொயின்' என்னும் இடப்புற இணைப்போ, முதல் அட்டவணையின் நிரை எதனையும் விடாது கொண்டுவரும். எட்டாவது சேவையகத்துக்கு நேரே நிறுவற் குறிப்பு இன்மையின், அவ்விடம் 'நல்' எனப்படும் வெறுமையாய் நிற்கும். வெறுமையுடைய நிரைகளை மட்டும் தருக என்று கேட்பின், விடுபட்டது ஒன்றே விடையாக வரும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. புதிய பதிப்பைக் குறிக்கும் நிபந்தனையை, இணைப்பு விதியைக் கூறும் 'ஒன்' என்னும் பகுதியிலே வைத்தல் வேண்டும். இணைத்தபின் வடித்தெடுக்கும் 'வெயார்' என்னும் பகுதியில் வைப்பின், வெறுமை அந்நிபந்தனையோடு பொருந்தாமையால் எட்டாவது நிரை மீண்டும் மறைந்துவிடும். ஒரு சொற்றொடரின் இடமாற்றமே உண்மையைக் காட்டவும் மறைக்கவும் வல்லதாதல் காண்க.

இன்னொன்றும் உண்டு. சேவையகங்களின் பட்டியலை நிறுவற் குறிப்புகளிலிருந்தே தொகுத்தல் ஆகாது; அது தனியே பேணப்படல் வேண்டும். வகுப்பிற்கு வந்தோரின் பெயரை மட்டும் எழுதும் ஆசிரியர், வராதவர் யாரென அவ்வேட்டைக் கொண்டு அறிய இயலாது. சேர்விடாப்பிலுள்ள பெயர்கள் அனைத்தையும் வரிசையாக அழைக்கும்போதுதான், விடையிறுக்காத மாணவன் இல்லாமை புலனாகும். இருக்கவேண்டியவற்றின் பட்டியலை இருப்பவற்றின் அருகே வைத்து நோக்குதலே இவ்வினவலின் உயிர்நிலை.

கணினிகள் நாள்தோறும் எண்ணிறந்த குறிப்புகளைக் குவிக்கின்றன. அவை பெருகுவதனால் மட்டும் அறிவு பெருகிவிடாது. எதனை எதனோடு ஒப்பிட்டு வினவுதல் வேண்டும் என்று துணிவது மனிதன் கடன். அக்கடன் ஆற்றப்படாதவிடத்துப் பதிவேடுகள் எத்துணைச் செம்மையாய் இருப்பினும் இழப்பைத் தடுக்கா.